"போன வாரம் எடுத்ததுல என்ன தெரிஞ்சுது சிஸ்டர்?"

வியாழக்கிழமை என்றால் எனக்குக் காலை ஏழரைக்கே வேலை தொடங்கிவிடும். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் கோயம்புத்தூரிலிருந்து ரேடியாலஜிஸ்ட், அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்கிற டாக்டர், நீலகிரியில் இருக்கிற எங்கள் ஆஸ்பத்திரிக்கு மலையேறி வருவார். வந்துசேர ஒன்பதரை, பத்து ஆகும். அதற்குள் எம்.சி.யூ. என்கிற சிறுநீர்ப் பைப் பரிசோதனைக்கு வந்திருக்கும் குழந்தைகளை ஒவ்வொருவராகப் படுக்கவைத்து, வயிறும் இடுப்பும் விழுகிற மாதிரி ஆளுக்கொரு எக்ஸ்ரே எடுத்து வைத்துவிடுவேன். மருந்து ஏற்றுவதற்கு முன்னால் எடுக்கிற வெறும் படம். எங்கள் பேச்சில் அது 'ப்ளெயின்'. கண்ட்ரோல் ஃபிலிம் என்பார்கள், ஸ்கவுட் என்பார்கள். பெயர் எதுவானாலும் அது இல்லாமல் பரிசோதனையை ஆரம்பிக்கக் கூடாது என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொல்லியிருந்தார். பதினெட்டு வருஷம் அப்படியே செய்தேன். ஏன் என்று கேட்டதில்லை.

கேட்டது ஒரு குழந்தையின் அம்மா.

அது ஒரு நவம்பர் மாதம். ராத்திரி முழுக்க அடைமழை. கீழ்க்கோத்தகிரி பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து, நாலு வயசுப் பெண்ணைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். குழந்தைக்கு மூன்று தடவை காய்ச்சலோடு யூரின் இன்ஃபெக்‌ஷன். ஸ்கேனில் ஒரு பக்கக் கிட்னி கொஞ்சம் வீங்கியிருந்தது. சிறுநீர் பையிலிருந்து மேலே கிட்னிக்கே திரும்பிப் போகிறதா என்று பார்க்கத்தான் எம்.சி.யூ. மெல்லிய குழாய் ஒன்றைச் சிறுநீர்ப் பாதை வழியே விட்டு, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிற மருந்தைப் பைக்குள் சொட்டுச் சொட்டாக இறக்கி, பை நிறைந்ததும் குழந்தையை அங்கேயே ஒன்றுக்குப் போகவிட்டுத் திரையில் பார்ப்பார்கள்.

அன்றைக்கு வழக்கம்போல ப்ளெயின் எடுத்து முடித்தேன். எட்டரைக்கு போன் வந்தது. குன்னூர் ரோட்டில் பர்லியாறுக்கு மேலே மண் சரிந்து ரோடு அடைபட்டுவிட்டது, கோத்தகிரி ரோட்டிலும் மரம் விழுந்து கிடக்கிறது, டாக்டர் மேட்டுப்பாளையத்தோடு திரும்பிவிட்டார். அடுத்த வாரம் வாங்க என்று எல்லாரையும் அனுப்பிவைத்தேன்.

அடுத்த வியாழன் அதே அம்மா, அதே கம்பளி. குழந்தையை டேபிளில் படுக்கவைக்கப் போனேன்.

"சிஸ்டர், போன வாரம்தான் எடுத்தீங்களே?"

"அது போன வாரத்துப் படம்மா. இன்னிக்கு எடுத்ததுதான் வேணும்."

"போன வாரம் எடுத்ததுல என்ன தெரிஞ்சுது சிஸ்டர்?"

கோபமாகக் கேட்கவில்லை. தேயிலைக் கொழுந்து எடை போடுகிற இடத்தில் கணக்கு கேட்கிறவர்களுக்கு ஒரு குரல் இருக்குமே, அந்தக் குரல். என்னிடம் பதில் இல்லை. போன வாரப் படத்தை டாக்டர் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் சரியாகப் பார்க்கவில்லை. பேர், வலது இடது அடையாளம், குழந்தை அசைந்திருக்கிறதா என்று பார்த்ததோடு சரி. படம் கம்ப்யூட்டரில் கிடந்தது. "டாக்டரைக் கேட்டுட்டு எடுங்க, நான் உக்காந்திருக்கேன்" என்று வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் வேறொருவர் மகளாகப் பிறந்திருந்தால் அந்தக் கேள்வியை மறந்திருப்பேனோ என்னவோ. என் அப்பா ஊட்டி இந்து நகர் ஃபிலிம் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனி 1960இல் ஆரம்பித்து, 1967இல் ஃபிலிம் செய்யத் தொடங்கியது. சினிமாவுக்கும் போட்டோவுக்கும் மட்டுமில்லை, ஆஸ்பத்திரிக்கான எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கே 'இந்து' என்ற பெயரில் தயாரானது. அப்பா இருட்டில் ஃபிலிம் வெட்டுகிற பிரிவில் இருந்தார். 1994இல் நான் எக்ஸ்ரே வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு ஒரே சந்தோஷம். தான் வெட்டிய ஷீட்டில் மகள் படம் பிடிக்கிறாளாம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் காபி டம்ளரை நீட்டுவதற்கு முன்னால் கேட்பார்: "இன்னிக்கு எத்தனை ஷீட் வீணாப் போச்சு கண்ணு?"

ஷீட் வீணாவது அன்றைக்கெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விஷயம். ஃபிலிமில் படத்தை வரவைக்கிற டெவலப்பர் மருந்து 20 டிகிரியில் இருக்கவேண்டும். டிசம்பர், ஜனவரி காலையில் எங்கள் டார்க் ரூமில் அது பாதிகூட இருக்காது. டெவலப்பர் அப்படியே தூங்கிவிடும், படம் வெளுத்துப் போகும். தொட்டியைச் சுற்றி வெந்நீர் ஊற்றி அதை எழுப்புவது என் முதல் வேலை. எக்ஸ்போஷர், அதாவது விடுகிற கதிரின் அளவு, கூடினால் ஷீட் கரிக்கட்டை. குழந்தை உதைத்தால் மங்கல். கெட்டுப்போன ஒவ்வொரு ஷீட்டையும் ரிஜிஸ்டரில் காரணத்தோடு எழுதவேண்டும், மாசக் கடைசியில் ஆபீசில் கேட்பார்கள். அவர்களுக்குக் கவலை ஷீட்டின் விலையைப் பற்றி, குழந்தையைப் பற்றி இல்லை. இருந்தாலும் அந்தக் கஞ்சத்தனம் குழந்தைகளுக்கு ஒரு வேலியாகத்தான் இருந்தது.

அப்புறம் கேசட்டைக் கம்ப்யூட்டரில் செருகினால் படம் வருகிற காலம் வந்தது. ஃபிலிம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாடை போயிற்று, ரிஜிஸ்டரும் போயிற்று. எக்ஸ்போஷர் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக வரும், டாக்டர் திட்டுவார். கூடிப்போனால்? ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டரே சரிக்கட்டி அழகாகக் காட்டிவிடும். அதனால் எங்கள் கை தானாகவே கூடுதல் பக்கம் சாயும். படத்தின் ஓரத்தில் எக்ஸ்போஷர் எண் ஒன்று வரும். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் படத்தைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள் என்பேன். குழந்தைக்குப் பெரியவர்களின் கணக்கைப் போட்டு எடுத்தால் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்றைக்கு வந்த டாக்டர் புதியவர். பழையவர் வருவதை நிறுத்தி, சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் வரத் தொடங்கிய சமயம். நடந்ததைச் சொன்னேன், கொஞ்சம் பயந்துகொண்டுதான். போன வாரப் படத்தைத் திறந்து பார்த்தார். "முதுகெலும்பு சரியா இருக்கு. கல் இல்லை. மோஷன் கட்டியிருக்கு. இதுக்கு மேல இன்னிக்கு எடுத்தா என்ன கிடைக்கும்? சொல்லப்போனா இதையே எதுக்கு எடுத்தோம்னு யோசிக்கணும் சிஸ்டர்." அந்த அம்மாவைக் கூப்பிட்டு, முதல் படம் வேண்டாம், நேரே ஆரம்பிக்கலாம் என்றார்.

அதற்கப்புறம் ஐந்தாறு வியாழக்கிழமை மத்தியானங்களில், கேஸ்கள் முடிந்தபின், பழைய எம்.சி.யூ. படங்களை இருவரும் திறந்து பார்த்தோம். அவர் ஒரே கேள்விதான் வைத்தார்: இந்த முதல் படத்தைப் பார்த்ததால் அடுத்து செய்ததில் ஏதாவது மாறியதா?

பெரும்பாலான படங்களில் இருந்தது காற்றும் மலமும். அடுத்த இடம், சிரிக்காதீர்கள், அரைஞாணுக்கு. வெள்ளி அரைஞாணும் அதில் கோத்த தாயத்தும் சரியாகச் சிறுநீர்ப் பை இருக்கிற இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு, அவிழ்த்துவிட்டு, இன்னொரு படம் எடுத்திருக்கிறேன். கேட்டு அவிழ்க்கச் சொல்லியிருந்தால் முதல் படமும் வேண்டியதில்லை, இரண்டாவதும் வேண்டியதில்லை. கோயிலில் கட்டியது, அறுக்கக் கூடாது என்கிற பாட்டிகளிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. தளர்த்தி நெஞ்சுவரை மேலே ஏற்றி பிளாஸ்திரி போட்டுவிட்டால் சாமியும் கோபிக்காது, படமும் கெடாது.

ஒன்றிரண்டு படங்களில் விஷயம் இருந்தது. ஒரு பையனுக்கு இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முழுசாக மூடவில்லை. பை சரியாக வேலை செய்யாததற்கு அதுதான் மூலம். ஆனால் அவன் முதுகைத் திருப்பிப் பார்த்திருந்தால் அதே இடத்தில் ஒரு முடிக்கற்றையும் குழியும் இருந்தது, குளிக்கவைக்கிற அம்மாவுக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். யாரும் கேட்கவில்லை. இன்னொரு குழந்தைக்கு, வேறெங்கோ குடிக்கவைத்த பேரியம் குடலில் இன்னும் ஒட்டியிருந்தது. அன்றைக்குப் பரிசோதனையைத் தள்ளிவைத்தது நல்லதாயிற்று. அதுவும் 'போன வாரம் வேறு எங்காவது பரிசோதனை செய்தீங்களா' என்ற கேள்வியில் வந்திருக்கும். மலச்சிக்கல் விஷயமும் அப்படித்தான். யூரின் இன்ஃபெக்‌ஷன் திரும்பத் திரும்ப வருவதற்கு மலச்சிக்கல் பெரிய காரணம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், ஆனால் அதற்கு எக்ஸ்ரே எதற்கு? எத்தனை நாளைக்கு ஒருதரம் போகிறாள், கல்லாகப் போகிறாளா என்று அம்மாவைக் கேட்டால் ஆயிற்று.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று டாக்டரம்மா விளக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. ஐ.வி.பி. காலத்து வழக்கம் அது. ரத்தத்தில் மருந்து ஏற்றிக் கிட்னியைப் படம் பிடிக்கும்போது, மருந்தும் வெள்ளை, கல்லும் வெள்ளை. மருந்து வந்தபின் கல் அதற்குள் முங்கிப்போகும். அதனால் மருந்துக்கு முன்னால் ஒரு படம் கட்டாயம் வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. அந்த நியாயமான பழக்கம் பக்கத்து அறைக்கும் பரவி, காரணம் வாசலிலேயே நின்றுவிட, பழக்கம் மட்டும் உள்ளே வந்துவிட்டது. எங்கள் விஷயத்தில் இன்னொரு அசிங்கமான காரணமும் உண்டு. டாக்டர் சீக்கிரம் மலையிறங்கவேண்டும் என்பதற்காகத்தான் அவர் வருவதற்குள் நான் மொத்தமாக எடுத்து வைத்தேன். யாருடைய வசதிக்கு யார் மேல் கதிர் பட்டது என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இதைப் படித்துவிட்டு எக்ஸ்ரே என்றாலே வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. உடம்பில் படுகிற கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்வோம். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் பெரியவர்களுக்குக் கிடைப்பது சுமார் 0.02 மில்லிசீவர்ட். எந்த எக்ஸ்ரேயும் எடுக்காமல் சும்மா இருந்தாலே மண்ணும் காற்றும் வானமும் சேர்ந்து உலக சராசரியாக வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கொடுக்கின்றன. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டிக்காரர்களுக்கு வானத்திலிருந்து வருகிற பங்கு சமவெளியைவிடக் கொஞ்சம் கூடுதல்; அதற்காக யாரும் ஊரைக் காலி செய்யவில்லை. வயிற்றுப் படம் மட்டும் வேறு கணக்கு. அது பெரியவர்களுக்கு 0.7 வரைக்கும் போகும், நெஞ்சுப் படத்தைப் போல முப்பது மடங்குக்கு மேல். குழந்தைக்கு அளவு பார்த்துக் குறைத்து எடுப்போம். ஆனால் அவர்களின் செல்கள் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கின்றன, இன்னும் வாழவேண்டிய வருஷங்களும் அதிகம். ஒரு படத்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. தேவையில்லாததைப் பழக்கத்துக்காக எடுக்கவேண்டாம், அவ்வளவுதான்.

சிகிச்சைக்கு முன்னால் எடுக்கிற படம் எவ்வளவு உபயோகம் என்பதற்கு நான் கண்ட நல்ல உதாரணம் மஞ்சூர் பக்கத்துப் பையன். மூன்று வயசு, ஒரு ரூபாய்க் காசை விழுங்கிவிட்டான். சாயங்காலம் இங்கே எடுத்த படத்தில் காசு கழுத்துக்குக் கீழே, உணவுக் குழாயில், முழு நிலா மாதிரி நின்றது. விளிம்பில் இரட்டை வளையம் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். தெரிந்தால் அது காசு இல்லை, பொம்மையிலோ ரிமோட்டிலோ போடுகிற பட்டன் பேட்டரி. சில மணி நேரத்தில் குழாயை அரித்துவிடும், ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. இது காசுதான். குழந்தைக்கு மயக்கம் கொடுத்து எடுக்கிற வசதி இங்கே இல்லாததால் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். மறுநாள் காலை, மயக்கம் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அங்கே இன்னொரு படம் எடுத்திருக்கிறார்கள். காசு வயிற்றுக்குள் இறங்கியிருந்தது. குன்னூர் மலைப்பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவும் சேர்ந்து குலுக்கி இறக்கிவிட்டதாக அவன் அப்பா இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். மயக்கமும் இல்லை, குழாயும் இல்லை. தயிர் சாதம் ஊட்டி அனுப்பிவிட்டார்கள். அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது: காசு இன்னும் அங்கேயே இருக்கிறதா? இருக்கிறது என்றால் ஒரு வழி, இல்லை என்றால் வேறு வழி.

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குழந்தைகள் விஷயத்திலும் கவனம் வேண்டும். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகிற அரிவாள் செல் நோய்த் தன்மை நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே இந்த நீலகிரி மலையில்தான், 1952இல். லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்த நோயுள்ள குழந்தைகள் எலும்பு வலி, நெஞ்சு வலி, காய்ச்சல் என்று வாழ்நாள் முழுக்க வந்துபோவார்கள். மூச்சுத் திணறலோடு வந்தால் நெஞ்சுப் படத்துக்கு யோசிக்கவே கூடாது, உடனே எடுக்கவேண்டும். அப்படித் தேவைப்படுகிற படங்கள் அவர்களுக்கு எத்தனையோ இருக்கும். அதனால்தான் மற்ற நேரத்தில் 'எதற்கும் ஒன்று எடுத்து வைப்போம்' என்பதை அவர்களிடம் இன்னும் குறைக்கவேண்டும் என்பேன். குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் ஓடியாடுகிற பிள்ளைக்கு நெஞ்சுப் படம் கேட்கிற வழக்கமும் இதே ரகம்தான். இருமல் இல்லை, இதயத்தில் ஓசை இல்லை என்றால் அதில் என்ன தேடுகிறோம்?

இப்போது எங்களிடம் நடப்பது இது. எம்.சி.யூ.வுக்குத் தனியாக ப்ளெயின் கிடையாது. டாக்டரம்மா குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஸ்கிரீனிங்கில், அதாவது திரையில் நேரடியாகத் தெரிகிற எக்ஸ்ரேயில், ஒரு நொடி பார்ப்பார். கதிர் விடுகிற பெடலிலிருந்து காலை எடுத்தாலும் திரையில் கடைசியாகத் தெரிந்த படம் அப்படியே நிற்கும், அதைச் சேமித்துவிடுவோம். தனி எக்ஸ்ரே மாதிரி அவ்வளவு துல்லியம் இருக்காது, சின்னக் கல்லைத் தவறவிடலாம். அதற்குத்தான் ஸ்கேன் ரிப்போர்ட்டை முதலிலேயே வாங்கிப் படிக்கிறோம். கல் சந்தேகம், முதுகில் ஏதாவது அடையாளம், ஏற்கெனவே ஆபரேஷன் ஆன குழந்தை என்றால் தனிப்படம் உண்டு, தயக்கமே இல்லை. கதிரைத் தொடர்ச்சியாக விடாமல் விட்டுவிட்டுத் துடிக்கிற மாதிரி வைத்துப் பார்ப்பதையும் அவர்தான் கொண்டுவந்தார். 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய 'இமேஜ் ஜென்ட்லி' என்ற இயக்கம் இதைத்தான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறதாம். மலைக்கு வந்துசேர எதற்கும் நேரமாகும்.

அம்மா அப்பாக்களிடம் நான் கேட்டுக்கொள்வது சில உண்டு. எக்ஸ்ரே சீட்டைக் கையில் வாங்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள், 'இதுல எதைப் பாக்கப்போறீங்க?' என்று. நல்ல டாக்டர் யாரும் கோபிக்கமாட்டார். பழைய படங்களைக் கொண்டுவாருங்கள். இங்கே மழைக்காலத்தில் ஃபிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நடுவில் செய்தித்தாள் வைத்து, மடக்காமல், சுருட்டாமல், அரிசி டின்னுக்குப் பின்னால் நிறுத்திவைத்தால் போதும். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து போனில் எடுத்த போட்டோ நோயைக் கண்டுபிடிக்க உதவாது, ஆனால் என்றைக்கு எந்த இடம் எடுத்தார்கள் என்பதைச் சொல்லும். குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் உள்ளே வரவேண்டியிருந்தால் அப்பாவோ மாமாவோ வாருங்கள். நாள் தள்ளியிருந்தால் அம்மா வரக் கூடாது, அதைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். வந்தவருக்கு ஈய ஏப்ரன் உண்டு. 'பிள்ளைக்கு ஏன் ஈயம் போடலை?' என்று இப்போது நிறையப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். முன்பு போட்டோம். படத்துக்குள் விழுந்து பார்க்கவேண்டிய இடத்தையே மறைத்துவிடுகிறது, மறுபடி எடுக்க வைக்கிறது என்பதால், 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அந்த வழக்கத்தை விட்டுவிடச் சொல்லிவிட்டது. ஈயத்தைவிட, தேவையான இடத்துக்கு மட்டும் வெளிச்சக் கட்டத்தைச் சுருக்குவதுதான் பாதுகாப்பு. டேபிளில் விழுகிற அந்த வெளிச்சச் சதுரம் குழந்தையைத் தாண்டி அகலமாக இருந்தால் நீங்களே கேட்கலாம்.

அந்தக் கீழ்க்கோத்தகிரிப் பெண்ணுக்குச் சிறுநீர் ஒரு பக்கம் மேலே ஏறுவது அன்றைக்குத் தெரிந்தது. மருந்து கொடுத்தார்கள், மலச்சிக்கலையும் சரிசெய்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லி வந்திருந்தாள். உயரமாகியிருந்தாள், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா நான் கேட்பதற்கு முன்பே அரைஞாணை அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, பிளாஸ்டிக் கவரில் பழைய சிடியையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் டேபிளில் வைத்தார்.

"இன்னிக்கு எத்தனை படம் சிஸ்டர்?"

"டாக்டரம்மா இன்னும் குன்னூர் ரோட்டுல காட்டேரி ஊர்கிட்ட வந்துட்டிருக்காங்க. வரட்டும்மா, வந்து பாத்துட்டு சொல்லட்டும்" என்று பாப்பாவுக்குப் போர்வையை இழுத்துவிட்டேன்.